சங்கிலித் துறையில் நின்ற கலம்

நலம் நிலைபெறுக. மூன்று ஆறும் ஒரு துறையும் உடைய நீர்க்கூடல் நாட்டு வேந்தரின் ஆணைப்படி, அமைச்சன் கோவன் அதியூரான் எழுதும் ஓலை. முத்துக்கானல் நாடாளும் வேள் சேந்தனார் காண்க. தங்கள் வயல்கள் விளைக; தங்கள் கலங்கள் கரை சேர்க.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: தங்கள் மகளார் நலம். அவர் ஏறிவந்த கலமும் ஒரு கீறலின்றி எம் துறைக்குள் நிற்கிறது. இதை எழுதும்போதே நெஞ்சு இலேசாகிறது. அக்கலத்தை வாயிலில் நிறுத்திவைத்த துறைக்காவலன் வெண்கீரனை விலங்கிட்டு அனுப்புமாறு தாங்கள் எழுதியிருந்தீர்கள். ஆதலின் நடந்ததை விளக்குகிறேன். சற்று நீண்டால் பொறுத்தருள்க.

எம் துறைவாயிலில் பகைக்கலங்களைத் தடுக்க நீருக்கடியில் இரும்புச் சங்கிலி உண்டு. வரும் கலம் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறதோ, அதற்கும் கீழே சங்கிலியைத் தாழ்த்த வேண்டும். அதற்கான ஆணை அரண்மனையிலிருந்து ஓலையாகவும், பரதவர் ஊர்களிலிருந்து முடிச்சிட்ட கயிறாகவும், குன்றிலிருந்து கொடியசைவாகவும் வரும். எவ்வடிவில் வந்தாலும் காவலன் அதைக் குழிப்பலகையில் கற்களாக மாற்றி வைப்பான். ஒரு குழி ஆழத்துக்கு. சங்கிலி எட்டும் அளவுக்கு மேல் அதில் கல் கொள்ளாது. இன்னொன்று, சங்கிலியை இறக்கும் இருபக்க உருளைகளில் எதைச் சுழற்றுவது என்பதற்கு. கருங்கல்லோ வெண்கல்லோ அன்றி வேறு செல்லாது. எக்குழியேனும் வெறுமையாக இருந்தால் உருளை சுழலாது. கயிற்றுக்கு ஒரு விதி, ஓலைக்கு ஒரு விதி என்று வைக்காததே இதன் அழகு.

அன்று வேந்தரின் ஓலையில், சங்கிலியை வழக்கம்போல் தாழ்த்துக என்றிருந்தது.

"வழக்கம்போலன்னா எத்தனை கல்லுங்க போடறது?" என்று வெண்கீரன் ஓலை கொணர்ந்தவரிடம் கேட்டான்.

"அரசர் ஓலைக்கே கணக்குக் கேக்கறியா? தலை கழுத்துல இருக்கறது பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்குங்க. அதனாலதான் கேக்கறேன்" என்றவன், கலத்தை நிறுத்திவிட்டு ஓலையைத் திருப்பியனுப்பினான்.

வழக்கம் என்பது மீன்படகுகளுக்கான ஆழம். மகளாரின் கலமோ தாங்கள் சீராகத் தந்த நெல்லைச் சுமந்து தாழ்ந்து வந்தது. அவ்வளவே தாழ்த்தியிருந்தால் சங்கிலி அதன் அடிப்பலகையைப் பிளந்திருக்கும். திருத்திய ஓலை வரும்வரை வெயிலில் காத்திருந்த மகளார், பின்னர் காரணம் அறிந்து, தங்கள் ஓலையையும் கண்டு சிரித்தார். "அப்பாவுக்குக் கோவம் முன்னாடி ஓடும், காரணம் மெதுவா நடந்து வரும்" என்றார்.

ஆகவே எம் வேந்தர் கட்டளை இது: பலகையில் அமையாத ஆணை, அவருடையதே ஆயினும், இனிச் செல்லாது. தாங்கள் கேட்டபடியே வெண்கீரனை அனுப்புகிறோம். விலங்குடன் அன்று, மகளார் விருப்பப்படி ஒரு குழிப்பலகையுடன். தங்கள் துறையில் அதை நிறுவி முடிக்கும்வரை அவனைத் தங்கள் பந்தியில் அருகிருத்தி உண்பிக்க வேண்டுகிறோம்.

வேந்தர் கண்முன் மெழுகு உருக்கி, இரட்டைத் துடுப்பு முத்திரை பதித்தேன். அவ்வாறே ஆகுக.