செவ்வரத்தை வேரில் விட்ட அயடீன்

அன்புள்ள மகன் வாகீசனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

கல்கரியில் நீயும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்க வைரவரை வேண்டுகிறேன். என் சுகத்தைப் போனில் கேட்கிறாய், நான் வாய் திறக்கமுதலே ஓகே அம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது, கோபம் இல்லை.

போன செப்டெம்பரில் வந்து நின்றபோது முன்வாசல் செவ்வரத்தையை ஒட்ட வெட்டி, பசளையைக் கைநிறைய அள்ளிப் போட்டு, நவராத்திரிக்குப் பூவாய்க் கொட்டும் பாருங்கோ என்றாய். ஆவணிக்குப் பிறகு அதற்குச் சாப்பாடு போடாதே, அது எங்கள் ஊர்ச் செவ்வரத்தையும் இல்லை, இந்த நாட்டு மரமும் இல்லை, சீனாப் பக்கத்திலிருந்து வந்தது, குளிருக்கு முன்னம் வளர்ச்சியை நிறுத்தி, இலை செய்த சீனியைத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்தால்தான் உறையாமல் நிற்கும் என்று தலைப்பாடாய்ச் சொன்னேன். நீங்கள் என்ன பொட்டனிஸ்டோ என்று சிரித்தாய். லைப்ரரிப் புத்தகத்தை அகராதியோடு வைத்துப் படித்தவளுக்குப் பட்டம் இல்லைதான். மரம் உன் பேச்சைக் கேட்டது. சேர்க்க வேண்டியதைச் செலவழித்துத் தளிர் தளிராய் விட்டது, பூ ஒன்றும் இல்லை, சரஸ்வதிக்குக் கடைப்பூதான் வைத்தேன். ஜனவரிக் குளிரில் கொப்பெல்லாம் கறுத்துப்போயிற்று.

மே மாதம் ஊரெல்லாம் இலைவிட இது மட்டும் விறகுபோல நின்றது. இது எப்போதும் கடைசியாகத்தான் கண் விழிக்கும், யூன் வரை பொறுங்கள் என்று உனக்கும் சொன்னேன், வீடு விற்றுத்தர நீ பிடித்த உன் கூட்டாளி மாக்கஸுக்கும் சொன்னேன். போன வெள்ளி நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, வீட்டைப் படம் எடுக்க வடிவில்லை என்று ஆள் வைத்து மரத்தை வேரோடு கிளப்பிவிட்டான். கேட்டால், வாகீசன்தான் சொன்னவர் அன்ரி, செத்த மரந்தானே என்கிறான். குப்பைக்கு வைத்திருந்த அடிக்கட்டையை இழுத்து வந்து, வேரொன்றை வெட்டி, காயத்துக்குப் பூசுகிற அயடீனை விட்டேன். சேமிப்பு மாச்சத்தாக உள்ளே இருந்தால் கறுநீலமாகும். மை ஊற்றினதுபோல ஆயிற்று தம்பி. மேலே செத்தது மெய், கீழே கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்திருந்தது. உயிரோடுதான் கிளப்பியிருக்கிறீர்கள்.

கல்கரிக்கு வாங்கோ, பேஸ்மென்ற் அறை ரெடி, வந்தால் பழகிவிடும் என்கிறாய். பழகுவதை எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு சென் ஜேம்ஸ் ரவுணில் முதற்பனிக்குள் நின்றவள் நான். அப்போது செலவழிக்க உடம்பில் ஏதோ இருந்தது. இப்போது மிச்சமிருப்பது இந்த வோபர்ன் வீட்டோடு இருக்கிறது.

மரத்தைத் திரும்ப நட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக் கிளடிஸ்தான் மண் வெட்டினாள், அக்கா, உங்கட கோபத்துக்குப் பயந்தாவது உது முளைக்கும் என்றாள். பழைய இடத்தில் இல்லை. விற்பனைப் பலகை ஊன்ற மாக்கஸ் தோண்டின குழியைப் பெருப்பித்து அதற்குள் வைத்திருக்கிறேன். வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது, விற்க என் கையெழுத்து வராது.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கும் உண்டு, குறைக்கவில்லை. உன் வீட்டு வளவில் அப்பிள் வைத்திருக்கிறாயாம், ஆவணிக்குப் பிறகு பசளை காட்டாதே. முளைத்ததோ என்று போனில் கேட்காதே, யூன் கடைசியில் நேரே வந்து பார். முளைக்காவிட்டாலும் குழி காலியில்லை.

இப்படிக்கு,
இந்த வீட்டிலேயே இருக்கும் உன் அம்மா,
தவமணி