பெண்கள் எடுக்கும் இடத்தில் ஒரு புல்லாங்குழல்

என் ஆசை மச்சான் வின்சன்,

உன்னுடைய பாட்டிலிருந்து உன்னை வெட்டி எறிந்துவிட்டார்கள். நீ செத்த ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்த எல்லோருடைய கையிலும், உன் படம் போட்ட நினைவு மலரோடு, அந்த வெட்டிய பாட்டைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் உன் மகன் ஜூட். மற்றவர் மன்னார் ரவுனில் ஸ்ரூடியோ வைத்திருக்கிற ஆள். சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வராது என்று உனக்குத் தெரியும்.

எந்தப் பாட்டு என்று நீ கேட்க மாட்டாய். நாங்கள் கிற்றாரில் வாசித்துப் பதிவு செய்தது அந்தப் பசாம் ஒன்றுதானே. ஆனால் இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு நான் கொஞ்சம் விளக்க வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

தவக்காலத்தில் எங்கள் கோயிலில் யேசுவின் பாடுகளைச் சொல்லிப் பசாம் பாடும்போது ஆண்கள் கீழ்க்குரலில் தொடங்குவார்கள். அதே வரியைப் பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே எடுப்பார்கள். வெள்ளிக்குவெள்ளி பாடிப் பாடி, பெரிய கிழமை வரும்போது அவர்களுடைய தொண்டை கிழிந்துபோயிருக்கும். முதலில் கிழிவது உன் அம்மாவின் தொண்டை. கிழிந்த பிறகுதான் அவ வடிவாகப் பாடுவா என்று நீ சொல்வாய்.

கப்பலில் வேலை செய்த உன் சின்னையாவின் மகன் உன் கிற்றாருக்கு ஒரு பெடலைக் கொண்டுவந்து தந்தான். காலால் மிதித்தால் கிற்றாரின் சத்தம் கரகரக்கும். அந்தக் கரகரப்புக்கு மேலே, ஒரு ஸ்தாயி உயர்ந்து, இன்னொரு சத்தம் பிறக்கும். நீ முதல்தரம் மிதித்தபோது முற்றத்தில் படுத்திருந்த நாய் எழும்பி ஓடியது. "என்னடா, ரேடியோ பழுதாப்போச்சோ?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை.

"மச்சான், இது அம்மா" என்றாய்.

ஊர் அதற்குக் கத்திற பெட்டி என்று பேர் வைத்தது. அது லேசில் பணிகிற சாமானா? இரண்டு கம்பியைச் சேர்த்துத் தட்டினால் தகர வாளிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கும். ஒற்றைக் கம்பியில், கிற்றாரின் கழுத்துப் பக்கம் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பில், ரோன் குமிழைத் திருகிச் சத்தத்தின் கூர்மையைக் குறைத்து, பன்னிரண்டாம் கட்டத்துக்கு மேலே போய் வாசித்தால்தான் அந்த மேற்குரல் எழும்பும். எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. தட்டித் தட்டிக் கண்டுபிடித்தோம்.

விடத்தல்தீவுத் திருவிழா மேடையில் நீ மிதித்துவிட்டு, திரும்ப மிதித்து நிறுத்த மறந்துபோனாய். ஜெனரேற்றர் இரைச்சல் முழுவதையும் அந்தப் பெட்டி அள்ளிக்கொண்டுவந்து சனத்தின் காதில் கொட்டியது. முன்னுக்கு இருந்த ஒருவர், "தம்பியவை, ஆடு அறுக்கிறதெண்டா அங்கால கொண்டுபோய் அறுங்கோ!" என்று கத்தினார். அன்றிலிருந்து நீ ஒரு ஒழுங்கு வைத்தாய். பெண்கள் எடுக்கும் இடத்தில் மட்டும் மிதிப்பது, அந்த வரி முடிய உடனே நிறுத்துவது.

கொழும்பில் பதிவு செய்யப் போனபோதும் நீ விட்டுக்கொடுக்கவில்லை. அங்கிருந்தவர் பெடலின் வயரை நேராகத் தன் மெசினில் செருகப் பார்த்தார். "ஐயா, அது காற்றில வரவேணும்" என்று சொல்லி, குளியலறைக்குள் அம்பிளிபயரை வைத்து, வாசலில் மைக்கை வைத்தாய். அவர் மூக்கைச் சுளித்தார். பிறகு கேட்டுவிட்டு, அப்படியே கசெற்றில் பதிந்து தந்தார்.

இனி உன் ஆண்டு நினைவுக்கு வருகிறேன். பூசை முடிந்து மண்டபத்தில் பாட்டைப் போட்டார்கள். நீ கீழே தொடங்கினாய். என் பேஸ் வந்தது. பெண்கள் எடுக்கும் இடம் வந்தது.

அங்கே புல்லாங்குழல்!

கீபோர்ட்டில் தட்டின புல்லாங்குழல், மச்சான். கலியாண வீடியோவில் மாப்பிள்ளை சோடா குடிக்கும்போது பின்னால் ஊதுமே, அது. பாட்டு முழுவதும் பழைய இசைத்தட்டில் ஊசி உரசுகிற மாதிரி ஒரு கிறுகிறுப்பு வேறு. நாங்கள் எந்தக் காலத்தில் இசைத்தட்டுப் போட்டோம்? பாட்டு முடியச் சனம் கைதட்டியது. நான் சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பினேன்.

அடுத்த நாள் ஸ்ரூடியோக்காரனைப் பார்க்கப் பஸ் ஏறினேன். தாராபுரம் தாண்டும்போதே அவனுக்கு என்ன சொல்வதென்று வாய்க்குள் உருட்டிக்கொண்டு போனேன்.

"அங்கிள், அந்த இடத்தில கசெற் பழுது. ஒரே இரைச்சல். கொம்பியூட்டரில போட்டுத் துப்புரவாக்கிட்டன்" என்றான்.

"அது பழுதில்லை. அது வின்சன்."

"ஜூட் அண்ணைக்கு அனுப்பிக் காட்டினனான். நல்லாயிருக்கெண்டவர்."

"அப்ப அந்தக் கிறுகிறுப்பு?"

"அது நான் போட்டது அங்கிள். ஒரு பழைய ஃபீலிங் வரட்டுமெண்டு."

கேட்டாயா? உண்மையான கரகரப்பைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிட்டு, கடையில் வாங்கின கரகரப்பை மேலே தூவியிருக்கிறான். கசெற்றைத் தா என்றேன். ஜூட் சொன்னால்தான் தருவானாம். உலகத்தில் இருக்கிறதே அந்த ஒரு கசெற். அது அந்த ஸ்ரூடியோக்காரனுடைய அலுமாரியில், பிறந்தநாள் வீடியோக்களுக்கு நடுவில் கிடக்கிறது.

இன்னொன்றும் சொன்னான். கோயில் மூப்பர் இந்தப் பாட்டையே பெரிய வெள்ளிக்கு ஸ்பீக்கரில் போடக் கேட்டிருக்கிறாராம். பொம்பிளையளுக்குத் தொண்டை நோகாதாம். அன்று கேட்கிற பிள்ளைகள், எங்கள் பசாம் புல்லாங்குழல் பாட்டு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். அதற்குப் பிறகு யார் போய்த் திருத்துவது?

பாரிசில் இருக்கிற ஜூட்டுக்குப் போன் எடுத்தேன்.

"மாமா, அப்பான்ர பேர் நல்லா இருக்கோணும் எண்டுதான் செய்தனான். அந்தச் சத்தத்தைக் கேட்டா ஆக்கள் சிரிப்பினம்."

"உன்ர கொப்பரைப் பாத்து ஆக்கள் சிரிக்கேக்க நான் பக்கத்தில நிண்டனான். அவன் பெடலை மிதிக்கிறதை நிப்பாட்டேல்லை."

"நீங்கள் எப்பவும் இப்பிடித்தான் மாமா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். ஓம், எப்பவும் இப்படித்தான். வேறு எப்படி இருப்பது?

தங்கச்சியாவது என் பக்கம் நிற்பாள் என்று உன் வீட்டுக்குப் போனேன். றோசலின் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"அண்ணை, சும்மா துள்ளாதேங்கோ. எனக்கு அந்தக் கத்திற பெட்டி ஒருநாளும் பிடிச்சதில்லை. கலியாணம் முடிச்ச நாள் தொட்டு எனக்குத் தலையிடி."

எனக்குக் கோபம் வந்தது. எழும்பினேன். அப்போதுதான் சொன்னாள்.

"ஆனா அண்டைக்கு மண்டபத்தில, அந்த இடம் வருமெண்டு காதைக் குடுத்துக்கொண்டிருந்தனான். மனுசன் வரேல்லை."

சொல்லிவிட்டுத் திரும்ப மீனை வெட்டத் தொடங்கினாள். மச்சான், நீ வாசித்த நாளெல்லாம் திட்டின பெண், உன்னைத் தேடிக்கொண்டு மண்டபத்துக் கதிரையில் இருந்திருக்கிறாள். சனம் கைதட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் வாசிக்கட்டும்.

ஜூட், இன்றைக்கே ஸ்ரூடியோவுக்குப் போன் எடுத்து, கசெற்றை உன் அம்மாவின் கையில் கொடுக்கச் சொல்ல வேண்டும். பென் டிரைவ் வாங்கின ஒவ்வொரு வீட்டுக்கும் வெட்டாத பாட்டை அனுப்ப வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஸ்ரூடியோக்காரர் கசெற்றில் இருப்பதை இருக்கிறபடியே பிரதி எடுக்க வேண்டும். ஒன்றையும் துடைக்கக் கூடாது, ஒன்றையும் தூவக் கூடாது. புல்லாங்குழலைக் கலியாண வீடுகளுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

மூப்பர் பெரிய வெள்ளியில் ஸ்பீக்கர் வயரைக் கழற்ற வேண்டும். ஆண்கள் தொடங்கட்டும், பெண்கள் எடுக்கட்டும். தொண்டை நோகட்டும். யேசுவின் பாடுகளைப் பாடுகிறவர்களுக்குத் தொண்டை நோகக் கூடாது என்று எந்தக் குருவானவர் சொன்னார்?

றோசலின், நீ பெண்கள் பக்கத்தில் முன்னுக்கு நிற்க வேண்டும். உன் மாமி நின்ற இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

மிச்சம் என்னுடைய வேலை. கசெற் கைக்கு வரும்வரை ஒவ்வொரு நாளும் காலை பஸ்ஸில் போய், அந்த ஸ்ரூடியோ வாசலில் கதிரை போட்டு இருப்பேன். ஆட்கள் கேட்டால் காரணம் சொல்வேன், சத்தமாகச் சொல்வேன். வின்சன், நீ அவனுடைய அலுமாரிக்குள் இருக்கிறாய். உன்னைக் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்புவேன்.

உன் பெண்சாதியின் தமையன்,
உனக்குப் பக்கத்தில் பேஸ் வாசித்த
சந்தான்