உனக்கு மட்டும் தனிக் கோப்பை

நாகலாபுரம்
12.2.1979

கண்மணி வேணுகோபாலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்தப் பனியில் நீ எப்படி இருக்கிறாயோ. தையில் பெய்த மழையில் பருத்தி பாதி கறுத்துவிட்டது, மிச்சத்துக்கு ஆள் விட்டு எடுக்கிறோம். அக்காவுக்கு இது ஏழாம் மாதம். எல்லாம் இருந்தும், உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லையப்பா.

லண்டன் ஆபீசில் எல்லாரும் தங்கமானவர்கள், டீ குடிக்க எனக்கென்று தனிக் கோப்பையே வைத்திருக்கிறார்கள், சிரித்துக்கொண்டே எடுத்துத் தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். வேறு யாருக்காவது அப்படி உண்டா என்று பார்த்தாயா? அடுத்த வரியிலேயே, உன்னிடம் வேலை படித்தவன் உனக்கு மேலே போய்விட்டான், கேட்டதற்கு மேனேஜர் தோளைத் தட்டி, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், இங்குள்ளவர்கள் உன்னை ஏற்றுக்கொள்ள நாளாகும் என்றார், என்னிடம்தான் ஏதோ குறை போல என்கிறாய். அய்யோ, என் பிள்ளை இப்படி எழுதலாமா. உன்னிடம் ஒரு குறையும் இல்லை. அந்தக் கோப்பை என்னவென்று எனக்குத் தெரியும். நம் பருத்திக் காட்டில் வேலை செய்யும் முப்பிடாதிக்கு, அவள் ஆட்களுக்கென்று தொழுவத்துக் கூரையில் செருகியிருக்கும் தேங்காய்ச் சிரட்டையில் முப்பது வருஷமாகக் காப்பி ஊற்றுகிறவள் நான். நானும் சிரித்துக்கொண்டேதான் ஊற்றுவேன். பிள்ளைகள் சுகமா என்று விசாரித்துக்கொண்டே ஊற்றுவேன். என்னைவிட நல்லவள் ஊரில் கிடையாது என்று இருந்தேன்.

நேற்று பருத்தி எடுக்க வந்த முப்பிடாதிக்கு நம் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி நீட்டினேன். ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு என்று அப்பா சத்தம் போட்டார்கள். அதுகூடப் பெரிதில்லை. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேண்டாந் தாயி, பழகிப்போச்சு, எனக்கு அந்தச் செரட்டதான் தோது என்கிறாள். உனக்கும் இப்படிப் பழகிவிடுமோ என்று பயந்து சாகிறேன் வேணு.

எல்லாரும் இருக்கும்போது, எனக்கு மட்டும் ஏன் தனிக் கோப்பை, எனக்கு மட்டும் ஏன் நாளாகும் என்று கேட்டுவிடு. சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம், கேட்டால் போதும். அவர்களிடம் பதில் இருக்காது. முப்பிடாதி என்றைக்காவது என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நாலு நாளாக யோசிக்கிறேன், ஒரு வார்த்தை வரவில்லை.

சாமி உன்னைக் கைவிடாது, நூறு வயசு நன்றாக இரு. காதை மூடிக் கட்டாமல் வெளியே போகாதே. பதிலில் எங்கள் சுகத்தைக்கூட விசாரிக்க வேண்டாம், கேட்டாயா இல்லையா என்று மட்டும் எழுது.

உன்னைப் பெற்றவள்,
கிருஷ்ணவேணி