முழங்கையைத் தொடாமலே 'நடிப்பு' என்று எழுதியது குறித்து

அனுப்புநர்:
கண்ணாடித் தொழிற்சாலையில் விளிம்பு தேய்க்கும் தொழிலாளியின் மனைவி,
தொழிலாளர் குடியிருப்பு, பின்வரிசை.

பெறுநர்:
தலைமை மருத்துவ அதிகாரி அவர்கள்,
தொழிலாளர் மருத்துவமனை.

பொருள்: என் கணவரின் முழங்கை நரம்பு அழுத்தத்தைக் கழுத்துத் தேய்மானம் என்றும் நடிப்பு என்றும் பதிந்து, அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரை மறுத்தது – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாய்ப்பேச்சும் இல்லை. எனக்கு இரண்டும் உண்டு. ஆனாலும் எங்கள் வீட்டில் சண்டை, கொஞ்சல், கேலி எல்லாமே கைச்சைகையால்தான். இதைத் தாங்கள் முதலில் மனதில் கொள்ள வேண்டுகிறேன்.

2. கண்ணாடி ஆடாமலிருக்க, வலது முழங்கையை மேசையின் இரும்பு விளிம்பில் ஊன்றி, மடக்கியபடியே நாள் முழுக்கத் தேய்ப்பது அவர் வேலை. சென்ற மழைக்காலத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போகத் தொடங்கின. கையை மடக்கித் தூங்கினால் உதறிக்கொண்டு எழுவார். பிறகு பிடி தளர்ந்தது. கண்ணாடி ஒன்று நழுவி உடைந்ததற்கு மேற்பார்வையாளர் கத்தினார். எனக்குப் பகீரென்றது வேறொன்று: என் கணவரின் பேச்சு குழறியது. விரல்கள் சேர்ந்து நிற்காததால் ஒரு சொல் இன்னொரு சொல்லாகத் தெரிந்தது.

3. தங்கள் எலும்பு மருத்துவர் எந்த விரல் மரக்கிறது என்று கேட்கவில்லை. முழங்கையைத் தொடவே இல்லை. கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து, "தேய்மானம்தான், வயசானா எல்லாருக்கும் வரும்" என்று கழுத்துப் பட்டை கொடுத்தார். மாதக்கணக்கில் மாட்டியதில் கழுத்து புழுங்கியதுதான் மிச்சம்.

4. மறுபடி போனபோது என்னிடம் அந்த மருத்துவர் சொன்னது: "பேச்சு வராதவங்க எதையும் கொஞ்சம் கூட்டித்தாம்மா காட்டுவாங்க. லீவு வேணும்னா நேரா கேட்கச் சொல்லுங்க." என் கணவர் உதட்டசைவைப் படிப்பவர், ஐயா. நான் எதையும் கையால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் சிவந்து எழுந்து வெளியே போய்விட்டார்.

5. பின்பு என் நாத்தனார் சொல்லி வேறிடத்தில் ஒரு நரம்பு மருத்துவரைப் பார்த்தோம். அந்த அம்மா முழங்கையின் உட்புறம் விரலால் தட்டியதுமே சுண்டுவிரல் வரை சுரீரென்றது. கையை மடக்கி வைத்திருக்கச் சொன்னார், சற்றைக்கெல்லாம் மரத்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காகிதத்தைக் கொடுத்து இழுத்தார். கட்டைவிரல் நுனியை மடக்கித்தான் இவரால் பிடிக்க முடிந்தது. நரம்புக்கு மின்சோதனை செய்ததில், தடை முழங்கையில்தான் என்று உறுதியாயிற்று. "கழுத்துத் தேய்மானம் இருக்கட்டும், இந்தத் தொல்லை அதனால இல்லை. முதல்லயே பார்த்திருந்தா, முழங்கையை ஊன்றாம வேலை, தூங்கும்போது கை மடங்காம ஒரு கட்டு, இதுலயே அடங்கியிருக்கலாம். இப்ப சதை வத்திடுச்சு. நரம்பை விடுவிக்க ஆபரேஷன் வேணும். பழைய பலம் முழுசா திரும்பும்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார்.

6. அந்த நரம்பு மருத்துவரின் அறிக்கையோடு தங்கள் மருத்துவமனைக்கு வந்தால், 'நடிப்பாக இருக்கலாம்' என்று எலும்பு மருத்துவர் ஏற்கெனவே பதிந்துவிட்டதால் பரிந்துரைச் சீட்டு கிடையாதாம். அவருடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பள்ளம் விழுந்திருக்கிறது. சதையைக் கூடவா ஒரு மனிதன் நடித்து வற்றவைப்பான்?

ஆகவே, அந்தச் சொல்லை நீக்கி, அறுவை சிகிச்சைக்கு இவ்வாரமே பரிந்துரைக்கவும், தேய்க்கும் மேசைகளின் விளிம்பில் மெத்தை பொருத்தத் தொழிற்சாலைக்கு எழுதவும் வேண்டுகிறேன். அதே மேசையில் இன்னும் பலர் முழங்கையை ஊன்றிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இதை என் கணவர் சேர்க்கச் சொன்னார். அடுத்த முறை சோதிக்கும் மருத்துவர், கேள்விகளை என்னைப் பார்த்துக் கேட்க வேண்டாம். அவரைப் பார்த்துக் கேட்கட்டும். பதில் அவரிடம் இருக்கிறது.

இடம்: தொழிலாளர் குடியிருப்பு
தேதி: செப்டம்பர் 9

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) மனைவி
(ஒப்பம், இடது கையால்) கணவர்