உன் பச்சைக் காரின் இரண்டாவது குரல்

போன வாரம் தேனாம்பேட்டையில் ஒரு கார் ஷோரூமுக்குப் போயிருந்தேன். மகள் கார் வாங்குகிறாள். அப்பாவுக்கு வண்டியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று இன்னும் நம்புகிறவள் அவள் ஒருத்திதான். அங்கே இருந்த விற்பனைப் பெண் வண்டியின் பெருமைகளை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் பார்க்கும் கேமரா, போனைச் செருகிவைக்க ஒரு இடம், வேரியபிள் வால்வு டைமிங், தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு குழி. பாட்டில் குழிக்குக் கொடுத்த மரியாதையைக்கூட அவள் அந்த வால்வுக்குக் கொடுக்கவில்லை. எனக்கு மட்டும் உள்ளே சுருக்கென்றது. நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போதாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு. நான் பாங்கில் குமாஸ்தாவாகி அபிராமபுரத்தில் வாடகை வீட்டில் குடியேறினேன். நீ மஸ்கட் போனாய். தொண்ணூறுகளின் நடுவில் நீ ஊருக்கே திரும்பி வந்தபோது உன் பின்னாலேயே கப்பலில் ஒரு ஜப்பான் காரும் வந்தது. பாட்டில் பச்சை நிறம். மயிலாப்பூரில் உன் வீட்டு வாசலில் அது வந்து நின்ற அன்றைக்குத் தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நானும் வந்தேன். நல்ல வண்டி என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு தாழ்வாக இருக்கிறதே, நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரில் அடிவயிறு இடிக்குமே என்றேன். நீ உடனே கவலையோடு குனிந்து பார்த்தாய்.

பொறாமைதான், வேறென்ன. நம் கூட்டத்தில் கார் என்றால் நான். யார் பழைய வண்டி வாங்கினாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து கிளட்ச் எப்படி, இஞ்சின் எப்படி என்று தீர்ப்புச் சொல்வேன், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அப்படிப்பட்ட எனக்கு வாய்த்தது, மழை பெய்தால் கால் நனைகிற ஓட்டை வண்டி. ஸ்பேனரைக் கேட்டால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டுகிற உனக்கு அது. என் மனைவி ஒரு நாள் உங்களோடு தி. நகர் போய்விட்டு வந்து, உள்ளே உட்கார்ந்தால் வெளியில் வெயில் அடிப்பதே தெரியவில்லை என்றாள். இரண்டு நாள் அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உனக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான், அதையும் சொல்ல வேண்டும். நீ மஸ்கட் போவதற்கு முன், பெசன்ட் நகரின் காலித் தெருக்களில், என் வண்டியில். எல்லாம் நம் ஊர் சூத்திரம். சத்தம் ஏறினால் கியரை மாற்று. முப்பதைத் தொட்டால் டாப் கியர். மேம்பாலம் இறங்கும்போது நியூட்ரல், சிக்னலில் ஆஃப். இஞ்சினை அலற விடுகிறவன் வண்டியைக் கொல்கிறவன். ஒரு சொட்டு பெட்ரோலை மிச்சம் பிடிப்பதுதான் டிரைவிங் என்று நானும் மனதார நம்பியிருந்த காலம் அது. நீ அதை வேதமாக வைத்துக்கொண்டாய். ஜப்பான்காரன் மூளையைக் கசக்கிச் செய்த அந்த இஞ்சினை நீ லஸ் முனையில் ஐந்தாவது கியரில் உருட்டிக்கொண்டு போவாய். சுற்று காட்டும் முள் இரண்டாயிரத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் அந்த சிந்தாதிரிப்பேட்டை மெக்கானிக். டாப்பெட் என்கிற வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வண்டியைக் கொண்டுபோனோம். அவர் இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, ரெண்டு வால்வுக்கு மூணு கேம் கீது? நடுவுல ஒண்ணு சும்மா சுத்திக்கினு கீது. எதுக்குன்னு தெரியலயே."

கேம் என்றால் வால்வைத் தட்டித் திறக்கிற முட்டை வடிவ இரும்பு என்று நான் உனக்கு விளக்கினேன். மூன்றாவது எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை, ஆனால் தெரிந்த மாதிரி தலையாட்டினேன். மறுநாள் நீ வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்துவிட்டு ஓடி வந்தாய். மெதுவாகப் போகும்போது ஓரத்து இரண்டு சின்ன கேம்கள் போதுமாம். சுற்று ஐயாயிரத்தைத் தாண்டினால் நடுவில் இருக்கிற பெரியது சேர்ந்துகொள்ளுமாம். வால்வு இன்னும் ஆழமாக, இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறக்கும், வண்டியின் குணமே மாறிவிடும் என்று போட்டிருந்ததாம்.

"எனக்கு ஒண்ணும் மாறின மாதிரியே தெரியலடா. ஐயாயிரம்னா பயமா இருக்கு. ஞாயித்துக்கிழமை நீ தனியா எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாய்.

அடையார் பாலம் தாண்டி, திருவான்மியூர் தாண்டி, மகாபலிபுரம் போகிற ரோட்டில் போனேன். காலை ஆறு மணி, ரோடு காலி. நீலாங்கரையைத் தாண்டியதும் இரண்டாவது கியரில் போட்டு மிதித்தேன். மூவாயிரம் வரை எல்லா காரும் போலத்தான். நாலாயிரத்தில் என் கை தானாகக் கியருக்குப் போனது. இருபது வருஷப் பழக்கம். கையை இழுத்து ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டேன். சத்தம் ஏறிக்கொண்டே போனது, என்னவோ தப்பு செய்கிற மாதிரி இருந்தது. ஐயாயிரத்தை முள் தாண்டிய கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் சட்டென்று மாறியது. அலறல் இல்லை. அதுவரை அடக்கி வாசித்துக்கொண்டிருந்தவன் தொண்டையைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. முதுகு சீட்டில் போய் அழுந்தியது. நான் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன், டேய். திரும்ப மெதுவாக்கி, திரும்ப மிதித்து, நாலு தடவை அதைக் கேட்டேன்.

பிறகு ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினேன். சந்தோஷம் அப்படியே திரிந்துபோனது. இத்தனை வருஷம் நான் கார் கார் என்று அலைந்ததற்கு எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது இது. உன் வீட்டு வாசலில் கத்தரிக்காய் வாங்கப் போக நிற்கிறது. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். உனக்கு இது தெரிந்துவிட்டால், நீயும் ஒரு நாள் மிதித்து, இதைக் கேட்டு, இப்படிச் சிரித்துவிட்டால், பிறகு என்னிடம் என்று என்ன மிச்சம் இருக்கும் என்று தோன்றியது. எனக்கு மட்டும் தெரிந்ததாக ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நான் திரும்பி வந்தபோது நீ கேட் அருகில் வேட்டியோடு நின்றிருந்தாய். சாவியை வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டாய்.

"என்னடா, இருக்கா?"

"ஒண்ணும் இல்லடா. புத்தகத்துல போட்டதோட சரி. சும்மா சத்தம்தான் ஜாஸ்தியாகுது, தேய்மானம்."

நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உன் முகம் கொஞ்சம் வாடியது, அவ்வளவுதான். உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்தாய். அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொன்னதையே நீ சொன்னாய். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டியை உடனே விற்கக் கூடாது என்று ஒரு விதி இருந்ததே, அந்தக் கெடு முடிந்த மாதமே அதைத் தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் மகனுக்குக் கொடுத்துவிட்டு டீசல் வண்டிக்கு மாறினாய். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அது போய் ஒரு வருஷம் இருக்கும். சாந்தோம் பக்கம் கடற்கரைச் சாலையில் நாம் சாயங்காலம் நடந்துகொண்டிருந்தோம். ஒரு பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு பச்சைக் கார் போனது. முந்தும்போது அந்தக் குரல் வந்தது. நீ நின்றுவிட்டாய். நடக்கும்போது கண்ணாடி போடாதவன் நீ. நம்பரை நான் படித்துவிட்டேன், அதே வண்டிதான்.

"நம்ம வண்டி மாதிரி இல்ல?" என்றாய்.

"கலர்தான் அது. வேற வண்டிடா."

கலங்கரை விளக்கம் வரை அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"என்ன சத்தம்டா. வாங்கினா அந்த மாதிரி ஒண்ணு வாங்கியிருக்கணும்" என்றாய்.

நான் ஆபீஸ் கதை ஏதோ பேச ஆரம்பித்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். உன் மகள் கல்யாணத்தில், நான் ரிட்டயர் ஆன அன்றைக்கு, ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று வாரம் சும்மா உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்கலாம். நீ சிரித்திருப்பாய், இரண்டு திட்டு திட்டியிருப்பாய், முடிந்திருக்கும். அது தெரிந்தும் நான் சொல்லவில்லை. சொன்னால் அது உனக்குப் போய்விடும். பிறகு எத்தனையோ வண்டி ஓட்டினேன். இப்போது எல்லாவற்றிலும் அந்த வால்வு வித்தை இருக்கிறது, ஆனால் எப்போது மாறுகிறது என்றே தெரியாமல் வழுக்கிக்கொண்டு மாறுகிறது. அந்தக் காலைச் சத்தம் மட்டும் என் காதிலேயே இருக்கிறது. உன் பொருள், என்னிடம் இருக்கிறது. பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது மூன்றாவது பொய்.

இருந்ததுடா. ரெண்டாவது கியரிலேயே இருந்தது. நீ பயப்படாமல் இன்னும் கொஞ்சம் மிதித்திருந்தால் போதும்.