மோதிரக் கதையின் கடைசித் தாள்கள்

மார்ச் 3, சனி

காலையிலேயே வெயில். பாலில் மறுபடியும் தண்ணீர். கேட்டதற்கு, "மழ காலத்துல மாடு இப்படித்தாம்மா கறக்கும்" என்கிறான் பால்காரன். பிரிக்பீல்ட்ஸில் மழை பெய்து பத்து நாளாகிறது.

கிள்ளான் புத்தகக்காரர் பத்து மணி ரயிலில் வந்தார். தகரப் பெட்டியைப் பின் வராந்தாவில் திறக்கச் சொன்னேன். மாதர் சங்கத்துக்கு நாவல் பொறுக்குவது இரண்டு வருஷமாக என் தலையில். புதன்தோறும் மூன்று மணிக்குக் கோயில் கூடத்தில் நான் வாசிக்க வேண்டும், ஏழு பேர் கேட்பார்கள். போதகரம்மாவைத் தவிர வேறு யாருக்கும் எழுத்துத் தெரியாது. போதகரம்மாவுக்குக் கண்ணில் புரை.

புத்தகக்காரர் நெற்றி நிறைய விபூதி. எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் ஒரே பேச்சு.

"குடும்பத்தோட ஒக்காந்து படிக்கலாம்மா. வேதக்காரங்க எழுதுனது. காதலும் இருக்கு, சாமியும் இருக்கு, கொலையும் இருக்கு."

"எத்தன கொல?"

"ஒண்ணுதாம்மா. அதுவும் மறைவாத்தான்."

நான் முதல் பக்கம் பார்ப்பதில்லை. முதல் பக்கத்தில் எல்லாரும் யோக்கியர்கள். முக்கால் பங்கு தாண்டித் திறப்பேன். எழுதினவன் ஒளித்து வைப்பதெல்லாம் அங்கேதான்.

தள்ளியவை:
— சிவப்பு அட்டை. அட்டைப் பெண்ணின் ரவிக்கை சரியில்லை.
— மிஷன் பங்களாவில் பேய். ஜெபத்தால் ஓடுகிறது, அது சரி. ஆனால் நம் உபதேசியாரைவிடப் பேய் நன்றாகப் பேசுகிறது.
— கதாநாயகன் கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஞானஸ்நானம். பெண்ணுக்காக முழுகுகிறான் என்று பச்சையாகத் தெரிகிறது.

எடுத்தது ஒன்றே ஒன்று. ஒரு மோதிரம் திருட்டுப் போகிறது, பழி ஒரு இளம் விதவை மேல். துப்பறிய வருகிறவர் தினமும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறவர். தாள்களின் மடிப்பு இன்னும் வெட்டாமல் இருக்கிறது, கத்தியால் வெட்டிக்கொண்டே படிக்க வேண்டும். யார் கையும் படாத புத்தகம். அதனாலேயே கொஞ்சம் சந்தேகம். மதராஸில் விலைபோகாததைத்தான் இங்கே கப்பல் ஏற்றுகிறார்கள்.

மார்ச் 5, திங்கள்

இடி மட்டும், மழை இல்லை. பாசாரில் மீன் வாங்கவில்லை. செவுள் அவ்வளவு சிவப்பாக இருக்காது, ஏதோ சாயம்.

போதகரம்மா வந்தார். லெந்து விரத நாட்களில் நாவலா என்று இழுத்தார். "மனந்திரும்புதல் இருக்கா சலோமி?" இருக்கிறது என்றேன். திருடினவன் திரும்பத்தானே வேண்டும். நான் இன்னும் அதுவரை போகவில்லை.

தங்கமணி வழக்கம்போலப் பத்தரைக்குத் தையலோடு வந்தாள். அவளுக்கு இருபத்துநாலு வயது. புருஷன் செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து காய்ச்சலில் போய் இரண்டு வருஷம். அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இன்றைக்குத் தையல் துணிக்குள்ளிருந்து ஒரு கடுதாசியை எடுத்தாள். கிள்ளான் ஆஸ்பத்திரியில் டிரெசர் வேலை பார்க்கும் ஒருவர், மனைவி இறந்தவர், மூன்று வயதில் பெண் குழந்தை. தங்கமணியைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று அவள் அண்ணனுக்கு எழுதியிருக்கிறார். அண்ணன் ஒரு தடவை வாசித்துச் சொன்னானாம். மறுபடி கேட்க இவளுக்கு வெட்கம். நான் வாசித்தேன். பிறகு இன்னொரு தடவை.

"என்னக்கா நெனக்கிறீங்க?"

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு" என்றேன். நல்ல எண்ணத்தில் சொல்லவில்லை. புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவனுக்கு இத்தனை அழகான கையெழுத்து எதற்கு? முதல் மனைவி எதனால் இறந்தாள் என்று ஒரு வரி இல்லை.

பதில் சொல்ல அண்ணன் கொடுத்த தவணை பதினெட்டாம் தேதி, ஞாயிறு.

மார்ச் 7, புதன்

வாசிப்பு. எல்லாரும் ஆஜர். செல்லம்மா (ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் வீட்டுக்காரி) வெற்றிலைப் பெட்டியோடு முன்னால். தங்கமணி ஜன்னலோரம், கையில் தையல், காது இங்கே.

பாதிப் புத்தகம் ஓடியது. ஒவ்வொரு மடிப்பாகக் கத்தியால் வெட்டி வெட்டி வாசித்தேன். அந்தச் சத்தம் கேட்டால் எல்லாரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

செல்லம்மா, "சபைக் கணக்கு பாக்குறான் பாருங்க, அந்தப் பொக்கிஷதாரன், அவந்தான் திருடன். எடுத்ததுக்கெல்லாம் ஆமென் சொல்றான்" என்றாள். போதகரம்மா அவளை முறைத்தார்.

முடிகிற நேரம் தங்கமணி, "அந்தப் பொண்ணு துப்பறிய வந்தவரக் கட்டிக்குமாக்கா?" என்று கேட்டாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கிள்ளான் கடுதாசி விஷயம் ஊர் பூராவுக்கும் தெரிந்திருக்கிறது. செல்லம்மா வேலை. வேறு யார்.

மார்ச் 9, வெள்ளி

இவருக்கு (ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணி) காலை ஷிப்ட். வீட்டில் யாரும் இல்லாதபோது மீதிக் கதையைப் பார்த்தேன். இது எப்போதும் செய்வதுதான். முன்னால் பார்க்காமல் சபையில் வாசித்து மாட்டிக்கொள்ள முடியாது. மடிப்பை வெட்டுவதில்லை. குழல்போல் அகட்டி, ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்த்தால் போதும். கழுத்து வலிக்கிறது.

திருடன் பொக்கிஷதாரன்தான். (செல்லம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? எழுத்துத் தெரியாது என்பது நடிப்பா? கவனிக்க வேண்டும்.) அழுது மனந்திரும்புகிறான். கடைசி எட்டுத் தாளில் அந்த விதவையும் துப்பறிகிறவரும் கோயிலில் மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். நன்றாகவே எழுதியிருக்கிறான். எனக்கே கண் கலங்கியது. அப்புறம் கோபம் வந்தது.

இதைத் தங்கமணி முன்னால் எப்படி வாசிப்பது? கேட்ட கையோடு கிள்ளானுக்குச் சரி சொல்லிவிடுவாள். அந்த மனுஷனைப்பற்றி என்ன தெரியும் நமக்கு. நாவல்காரனுக்குக் கல்யாணத்தோடு வேலை முடிந்தது. பெண்ணுக்கு அப்புறந்தானே ஆரம்பம்.

இதெல்லாம் மேலுக்குச் சொல்வது. இந்த நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். அவள் போய்விட்டால் பத்தரை மணிக்கு இந்த வராந்தாவில் நான் யாரோடு பேசுவேன்? பிள்ளை இல்லை. இவரோடு ஒரு நாளைக்கு இருபது வார்த்தை, அதில் பாதி குழம்பைப்பற்றி. அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 14, புதன்

நல்ல மழை. கூடத்துத் தகரக் கூரையில் ஒரே சத்தம், கத்தி வாசிக்க வேண்டியதாயிற்று.

செய்துவிட்டேன். பொக்கிஷதாரன் அழுது முடித்ததும் வெட்டிய தாள்கள் முடிந்தன. புத்தகத்தை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மீதியை நானே சொன்னேன். துப்பறிகிறவர் கேட்கிறார், அவள் தலை குனிந்து, "என் வழி வேறு, ஐயா" என்கிறாள். தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்யப் படகேறிப் போகிறாள். படகு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

போதகரம்மா "ஸ்தோத்திரம்" என்றார். செல்லம்மா மூக்கைச் சிந்தினாள். தங்கமணி ஊசியை நிறுத்தியிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சாக்கா?"

"முடிஞ்சிருச்சு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

வீட்டுக்கு வந்து புத்தகத்தை அலமாரியில் வேதாகமத்துக்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 15, வியாழன்

மேகமூட்டம். தங்கமணி வந்தாள். காஜா எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"அண்ணங்கிட்ட வேணாம்னு சொல்லிரலாமான்னு பாக்குறேன். அந்தக் கதையில வர்ற பொண்ணு மாதிரியே இருந்துட்டுப் போறேன். அது சரியாத்தானே இருக்கும்க்கா?"

நான், "ஒன் மனசுக்கு எப்படித் தோணுதோ அப்படி" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி. நான் எழுந்து போய்க் கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

எனக்குச் சந்தோஷந்தான், பொய் சொல்வானேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டுமா? கதைதானே.

மார்ச் 17, சனி

யாரோ என் அலமாரியைத் திறந்திருக்கிறார்கள்.

வேதாகமம் வைத்த வாக்கில் இல்லை. அடியில் மோதிரக் கதை. கடைசி மடிப்புகள் அத்தனையும் வெட்டியிருக்கிறது. எட்டுத் தாளும். நான் கத்தியால் வெட்டினால் விளிம்பு பிசிறு பிசிறாக நிற்கும். இது நேர்கோடு, கத்தரிக்கோல்.

சாமான்கள் வேறு எதுவும் குறையவில்லை. எண்ணிப் பார்த்தேன்.

செல்லம்மாவாகத்தான் இருக்கும். நேற்று ரசப்பொடி கேட்டு வந்தாள், பத்து நிமிஷம் தனியாக நின்றாள். போய், பேச்சோடு பேச்சாக, "அந்த மோதிரம் கடைசியில யார்கிட்டப் போச்சு செல்லம்மா?" என்று கேட்டேன்.

"நீங்கதானக்கா வாசிச்சீங்க. ஒங்களுக்கே மறந்திருச்சா?"

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு ஒன்றும் தெரியாமல் ஒரு முகம் இருக்குமா.

தங்கமணி நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

மார்ச் 18, ஞாயிறு

ஆராதனையில் பிரசங்கம் காதில் விழவில்லை. தங்கமணி அண்ணியோடு பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு முதலிலேயே கிளம்பிப் போய்விட்டாள். செருப்பு மாட்டும்போது செல்லம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"சொல்லலாமோ கூடாதோ தெரியலக்கா. வெள்ளிக்கிழம சாயங்காலம் கிராணியாரு தங்கமணி வீட்டு வாசல்ல நின்னாரு. கையில என்னமோ பொட்டலம்."

வெள்ளிக்கிழமை சரக்கு ரயில் தாமதம் என்று இவர் சொன்னார்.

வீடு வரும்வரை இதே கணக்குதான். பதினெட்டு வருஷம் இருபது இருபது வார்த்தையாகப் பேசுகிற மனுஷன். அவளுக்கு இருபத்துநாலு வயது. நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தேன். சோற்றைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே கேட்டேன்.

"வெள்ளிக்கிழம எங்க போனீங்க?"

இவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "தங்கமணி வீட்டுக்கு" என்றார். "சரக்கு வண்டி லேட்டுதான். போற வழியில அங்க போயிட்டு வந்தேன். வியாழக்கெழம அந்தப் புள்ள அண்ணியோட ஸ்டேஷனுக்கு வந்துச்சு. 'எட்டுத் தாள வெட்டாமலே அக்கா கதய முடிச்சிட்டாங்க, அதுல என்னண்ணே இருக்கு'ன்னு கேட்டுச்சு. நீ அவசரத்துல விட்டிருப்பேன்னு நெனச்சேன். காலையில புத்தகத்த எடுத்துட்டுப் போயி, சாயங்காலம் அவங்க வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சேன். தங்கமணிதான் கத்தரிக்கோல் குடுத்துச்சு."

நான் ரசப் பாத்திரத்தை மூடி வைத்தேன்.

"நல்ல முடிவுதானே சலோமி. எதுக்கு விட்டே?"

எழுத்துத் தெரியாதவள். தாளை எண்ணியிருக்கிறாள். நான் ஊரெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தேன், அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்திருக்கிறாள்.

இவர் கை கழுவிவிட்டு வந்து இன்னொன்று சொன்னார். "அந்த டிரெசர் கடுதாசியயும் வாசிக்கச் சொல்லிச்சு."

"அத நான் ஒரு எழுத்து மாத்தாமத்தான் வாசிச்சேன்."

"யாரு மாத்துனேன்னு சொன்னா? ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிச்சு, அவ்வளவுதான்."

உண்மையாகவே மாற்றவில்லை. ஒரு எழுத்துக்கூட. இனி அதை யார் நம்புவார்கள்?

மார்ச் 20, செவ்வாய்

புழுக்கம். பத்தரைக்கு வாசலைப் பார்த்தேன். பதினொன்றுக்கும் பார்த்தேன். அவள் வீடு இரண்டு வரிசை தள்ளித்தான். போகக் கால் வரவில்லை.

கிள்ளானுக்கு அண்ணன் கடுதாசி போட்டுவிட்டான் என்று இவர் சொன்னார். என்ன எழுதினான் என்று இவர் கேட்கவில்லையாம். தபால் வேலை நம் வேலை இல்லை என்கிறார். வேண்டாம் என்று எழுதியிருந்தால் அது நான் செய்தது. சரி என்று எழுதியிருந்தால் எனக்குத் தெரியாமல் எழுதியது. இரண்டும் எனக்கு வேண்டியதுதான்.

நாளைக்குச் சங்கத்து அலமாரியிலிருந்து வேறு புத்தகம் ஆரம்பிக்க வேண்டும். ஆசிரியை ஒருத்தி, காணாமல் போன உயில். நான்காம் அத்தியாயத்தில் அவள் கையை ஒருவன் பிடித்துக்கொண்டு அரைப் பக்கம் பேசுகிறான். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் தும்மல் வந்த மாதிரி நிறுத்தித் தாண்டிவிடுவேன்.

மார்ச் 21, புதன்

வெயில். பால் இன்றைக்குக் கெட்டியாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

தங்கமணி வந்தாள். எல்லாருக்கும் முன்னால் போதகரம்மாவிடம்தான் சொன்னாள். சரி என்று எழுதியாயிற்று, ஈஸ்டர் கழிந்து கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வாரம் கிள்ளானிலிருந்து வருகிறார்கள். கையில் மூன்று வயதுக் குழந்தைக்கு அளவான கவுன், கழுத்து மட்டும் தைத்திருந்தது. செல்லம்மா கட்டிக்கொண்டாள். நான் எழுந்து போய், "தங்கமணி, அந்தக் கதையில நான்" என்று ஆரம்பித்தேன்.

"இருக்கட்டும்க்கா. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க, ஆரம்பிங்க."

கோபம் இல்லை குரலில். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். அவள் ஜன்னலோரம் போகவில்லை. பாயை இழுத்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள், பக்கம் தெரிகிற மாதிரி. கவுனை மடித்துக் கீழே வைத்துவிட்டாள்.

"வெரல வச்சுப் படிங்கக்கா" என்றாள்.

போதகரம்மா, "எதுக்கும்மா?" என்றார். தங்கமணி பாயை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டாள்.

விரலை வைத்துப் படித்தேன். நான்கு அத்தியாயம். கையைப் பிடித்த அரைப் பக்கமும். ஒரு வரி விடவில்லை. அவள் ஒரு தடவைகூட என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.