பத்திரத்தில் ஏறாத உங்கள் பெயர்

என் பிரியமான சேகு நானா,

போன தடவை ஊருக்குக் கப்பலேறிய நீங்கள் திரும்பி வரவில்லை. ஊரிலேயே மௌத்தாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது. எத்தனையோ பேருக்கு வக்கீல் நோட்டீஸ் எழுதிய இந்தக் கைக்கு, உங்களுக்கு ஒரு வரி எழுத இப்போதுதான் தைரியம் வந்தது.

நீங்களும் அபூபக்கரும் மலாயாவில், இந்தப் பத்து பாகாட் ஊரில் சேர்ந்து வாங்கிய துணிக்கடை வழக்குக்கு வந்துவிட்டது. ஒருவர் கடையைப் பார்க்க, மற்றவர் ஊருக்குப் போய் வருவது உங்கள் வழக்கம். நில ஆபீசில் பத்திரம் கொடுத்த வருடம் நீங்கள் நாகப்பட்டினத்தில் இருந்தீர்கள். அதனால் அபூபக்கர் பெயர் மட்டும் ஏறியது. இப்போது அவர் கடையை விற்றுவிட்டு ஊரோடு போகப் பார்த்தார். "எம்பேருதானே இருக்கு" என்றார். கெட்ட மனுஷர் இல்லை நானா. கையில் பத்திரம் இருந்தால் யாருக்குமே ஒரு நப்பாசை வரத்தான் செய்யும்.

அண்ணி கடிதம் போட்டார்கள். "தம்பி, புள்ளைங்களுக்கு அந்தக் கடைய விட்டா வேற நாதியில்ல. நீங்க இருக்கீங்கன்னுதான் நிம்மதியா இருக்கேன்." வழக்கை எடுத்துக்கொண்டு சாட்சி தேடி அலைந்தேன். சாட்சி யாரென்று முதல் நாளே எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி அலைந்தேன், அவ்வளவுதான்.

நீங்கள் ஊரிலிருந்து திரும்பியதும் இருவருமாக என் ஆபீசுக்கு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? "ரெண்டு பேரு பேரையும் ஏத்திக் குடுத்துருங்க" என்று அபூபக்கரே கேட்டார். என் மேசையில் பெரிய எஸ்டேட் வழக்கு ஒன்று கிடந்தது. "உங்களுக்குள்ள என்ன அவசரம் நானா, மெதுவா பாத்துக்கலாம்லா" என்று சிரித்து அனுப்பிவிட்டேன். அப்புறம் இரண்டு முறை கேட்டீர்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டீர்கள். என்மேல் வருத்தம் இருந்ததா?

ஒரே வழக்கில் வக்கீலாகவும் சாட்சியாகவும் நிற்க முடியாது. மூவாரிலிருந்து வேறொரு வக்கீலை வரவழைத்து வழக்கை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, நான் கூண்டில் ஏறினேன். "ஏன் அப்போதே எழுதவில்லை?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "சின்ன வேலை என்று தள்ளிப்போட்டேன். தவறு என்னுடையது" என்றேன். பின்வரிசையில் இருந்த என் கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூனிக்குறுகிப் போனேன்.

அடுத்து அபூபக்கரைக் கூப்பிட்டார்கள். அவர் என்னைக் கைகாட்டினார். "தன் மானம் போனாலும் வக்கீலய்யா நெசத்தச் சொல்லிட்டாரு. நான் எப்படி இல்லங்கிறது? சேகு பாதி, நான் பாதி" என்றார்.

பாதிக் கடை உங்கள் வாரிசுகளுக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. அண்ணிக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இந்த வழக்கே யாரால் வந்தது என்பதையும் மறைக்கவில்லை. இன்னும் பதில் வரவில்லை.

திங்கட்கிழமை நில ஆபீசுக்குக் குமாஸ்தாவை அனுப்பாமல் நானே போகிறேன். அண்ணி பெயரும் பிள்ளைகள் பெயரும் பத்திரத்தில் ஏறுவதைக் கண்ணால் பார்க்காமல் அங்கிருந்து நகர மாட்டேன். இது சத்தியம் நானா.

அண்ணி இந்த உறவு வேண்டாமென்று சொல்லும்வரை,
உங்கள் தம்பி
வேலாயுதம்